குடிப்பவன் கதையும் கடையின் கதையும்

இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது ஜி. நாகராஜன் பெயர் வந்துவிட்டால், பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கணித ஆசிரியர், கட்சிக்காரர், பிறகு எல்லாவற்றையும் உதறியவர், சாராயமும் கஞ்சாவுமாக மதுரைத் தெருக்களில் அலைந்தவர், 1981 பிப்ரவரியில் மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தவர். இதைச் சொல்லும்போது சொல்பவர் குரலில் ஒரு மரியாதை ஏறும். “மனுசன் வாழ்ந்திருக்கான்யா” என்று யாராவது ஒருவர் பெருமூச்சு விடுவார். ‘நாளை மற்றுமொரு நாளே’ நாவலைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். பல சமயம் வரவே வராது.

எனக்கு இதில் ஒழுக்கம் சார்ந்த கோபம் எதுவும் இல்லை. யார் குடிக்கலாம், யார் கூடாது என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை நான் ஏற்கவில்லை. என் புகார் வாசிப்பைப் பற்றியது. தமிழில் குடியை நாம் எப்போதும் ஒரு மனிதனின் குணமாக மட்டுமே வாசிக்கிறோம். எழுத்தாளன் குடித்தால் கலகம். நகைச்சுவை நடிகர் குடித்தால் சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் குடித்தால் ஒழுக்கக்கேடு. மூன்று வாசிப்பிலும் பாட்டிலைக் கையில் வைத்திருப்பவன் மட்டும்தான் தெரிகிறான். பாட்டில் எங்கிருந்து வந்தது, என்ன விலை, யாருக்கு லாபம், கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதெல்லாம் கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

நான் மென்பொருள் வேலை செய்கிறவன். எங்கள் துறையில் ஒரு சர்வர் நள்ளிரவில் விழுந்துவிட்டால் மறுநாள் காலை உட்கார்ந்து ஒரு அறிக்கை எழுதுவோம். நல்ல குழு என்றால் அதில் ‘யார் செய்தது’ என்ற கேள்வியே வராது. எந்த ஏற்பாடு இதை நடக்கவிட்டது என்றுதான் கேட்போம். ஆளைப் பிடித்துத் திட்டினால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும், அடுத்த மாதம் அதே சர்வர் மறுபடி விழும். குடியைப் பற்றிய நம் கதைகளைப் படிக்கும்போதும் பார்க்கும்போதும் எனக்கு அந்த அறிக்கைதான் ஞாபகம் வருகிறது. எல்லாக் கதையும் ஆளைப் பிடித்தே நிற்கிறது.

*

நாகராஜனிடமே திரும்பிப் போகலாம். அவர் வாழ்ந்த மதுரை பெரும்பாலும் மதுவிலக்கின் மதுரை. ராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது, 1948இல் சென்னை மாகாணம் முழுக்கப் பரவியது. 1971இல் கலைஞர் ஆட்சியில் தளர்ந்தது, 1974இல் மறுபடி பூட்டு. ‘நாளை மற்றுமொரு நாளே’ வந்ததும் அதே 1974இல்தான். கந்தன் என்ற ஒருவனின் ஒரே ஒரு நாள், அவ்வளவுதான் நாவல்.

அந்த ஒரு நாளில் கந்தன் எத்தனை பேரைக் கடந்து போகிறான் என்று பாருங்கள். தரகர்கள், போலீஸ், பணம் கைமாற்றுகிறவர்கள், உடலை விற்க வேண்டியிருக்கும் பெண்கள், சின்னச் சின்ன வியாபாரிகள். குடி அங்கே அவன் ஆன்மாவின் துயரத்தை வெளிப்படுத்தும் குறியீடாக வருவதில்லை. அது அந்தத் தெருவின் பொருளாதாரத்தில் ஓடும் ஒரு சரக்கு. சட்டம் ஒன்றைத் தடுக்கும்போது அதைச் சுற்றி எத்தனை பேருக்குப் பிழைப்பு முளைக்கிறது, அந்தப் பிழைப்பில் காக்கிச் சட்டைக்கு எவ்வளவு பங்கு என்பதை நாகராஜன் குரலை உயர்த்தாமல் எழுதிவிடுகிறார். கந்தன்மேல் இரக்கப்படு என்று நம்மிடம் கேட்பதில்லை, அவனை வியந்து பார் என்றும் சொல்வதில்லை.

ஒரு கணக்கு ஆசிரியரின் கண் அது. யாரிடமிருந்து யாருக்கு என்ன போகிறது என்று பார்க்கிற கண். அவர் எழுத்தைக் கொண்டாடும் நாமோ அந்தக் கண்ணை விட்டுவிட்டு அவர் கையிலிருந்த கிளாஸைக் கொண்டாடுகிறோம். நாகராஜனின் பெரிய சாதனை அவர் குடித்தது என்றால், தினம் மாலை மாட்டுத்தாவணியிலும் ஆரப்பாளையத்திலும் ஆயிரம் சாதனையாளர்கள் இருக்கிறார்கள். அவர் இறந்த மருத்துவமனைக்கு இன்று பெயர் அரசு இராஜாஜி மருத்துவமனை. மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் பெயரிலான கட்டடம் ஒன்றில், மதுவிலக்கின் அடிவயிற்றை எழுதியவர் முடிந்துபோனார். இந்த நகைமுரணில் நாகராஜனுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

*

கந்தன் காலத்தில் குடிப்பவன் அரசுக்கு ஒளிந்து குடித்தான். இன்று குடிப்பவன் அரசிடம் வாங்கிக் குடிக்கிறான். தமிழ்ச் சமூகத்தில் ஐம்பது ஆண்டுகளில் நடந்த பெரிய மாற்றங்களில் இது ஒன்று. ஆனால் நம் கதைகளில் இதற்கான தடம் மிகக் குறைவு.

டாஸ்மாக் 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003இல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அந்த முதல் நிதியாண்டில் அரசுக்குக் கிடைத்த வருவாய் 3,639 கோடி ரூபாய். 2024-25இல் அது 48,344 கோடி. நடுவில் 2016, 2017, 2023 என்று மூன்று முறை ஐந்நூறு ஐந்நூறு கடைகளாக மூடினார்கள். கடைகள் குறைந்தன, வருவாய் குறையவில்லை. பாட்டிலை விற்கும் அரசே அதன்மேல் ‘இது வீட்டுக்கும் நாட்டுக்கும் கேடு’ என்ற பொருளில் எச்சரிக்கையும் அச்சிடுகிறது. நாம் படிக்காமலே ‘சம்மதம்’ என்று தட்டிவிட்டுப் போகும் செயலி ஒப்பந்தம் மாதிரிதான் அதுவும்.

இந்த ஏற்பாட்டை நம் சினிமா என்ன செய்தது? மதுரையை மையமாக்கிய படங்கள் ஓடிய காலத்தை எடுத்துக்கொள்வோம். ‘பருத்திவீரன்’ 2007, ‘சுப்ரமணியபுரம்’ 2008, ‘ஆடுகளம்’ 2011. வலுவான படங்கள்தான். அவற்றில் குடி வரும்போது ஆண்களின் நட்புக்குப் பசையாக வருகிறது. அதே காலத்தில் சந்தானமும் சூரியும் வளர்ந்த நகைச்சுவைப் படங்களில் டாஸ்மாக் பார் ஒரு நிரந்தர செட்டாகவே ஆகிப்போனது. காதல் தோல்வியா, வேலை இல்லையா, “வாடா மச்சான், ஒரு கட்டிங் போடுவோம்.” திரையின் கீழ்மூலையில் எச்சரிக்கை வாசகம், மேலே சிரிப்பு.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். ‘கைதி’, ‘விக்ரம்’ போன்ற படங்களில் போதைப்பொருள் என்பது கிலோக் கணக்கில், டன் கணக்கில் வரும் தீமை. அதைத் தொடுபவன் வில்லன், அழிப்பவன் நாயகன். ஆக, மது காமெடியனின் பொருள், மற்ற போதைகள் வில்லனின் பொருள். இந்தப் பிரிவை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் உட்கார்ந்து யோசித்து உருவாக்கவில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டம் ஒரு பக்கத்தையும், கலால் துறை மறு பக்கத்தையும் பார்த்துக்கொள்வதால் வந்த பிரிவு அது. சட்டம் போட்ட கோட்டை நம் கலை அப்படியே தன் ரசனைக் கோடாக எடுத்துக்கொண்டது. உடலுக்கு இந்தக் கோடு தெரியாது. கல்லீரல் கலால் முத்திரையைப் பார்த்து வேலை செய்வதில்லை.

விதிவிலக்குகள் உண்டு. 2012இல் கமலக்கண்ணன் இயக்கிய ‘மதுபானக்கடை’ முழுக்க ஒரு டாஸ்மாக் பாருக்குள் நடக்கிறது. நாயகன் என்று யாரும் இல்லை. வருகிறவர்கள், போகிறவர்கள், அங்கே வேலை செய்கிறவர்கள் என்று அந்த இடம்தான் பாத்திரம். தமிழ் சினிமாவில் முதல்முறையாகக் கேமரா குடிப்பவனை விட்டுவிட்டுக் கடையைப் பார்த்த தருணம் என்று அதைச் சொல்வேன். ஓடாத படம், அது வேறு விஷயம். 2025இல் வந்த தினகரன் சிவலிங்கத்தின் ‘பாட்டல் ராதா’ அடுத்த அடி. குடியை நோயாகப் பார்க்கிறது, மனைவிக்கு முகமும் குரலும் கொடுக்கிறது. குரு சோமசுந்தரம் அந்த உடம்பின் நடுக்கத்தை நடிப்பென்று தெரியாமல் கொண்டுவருகிறார். ஆனால் மறுவாழ்வு மையத்தின் சுவருக்குள் கதை போனதும், மாற வேண்டியது ராதா ஒருவன்தான் என்றாகிவிடுகிறது. அவன் வெளியே வரும்போது கடை அதே இடத்தில், பன்னிரண்டு மணிக்குத் திறந்து பத்து மணிக்கு மூடிக்கொண்டு, இருக்கத்தானே செய்யும்?

*

‘அது நம்ம பண்பாடுங்க’ என்ற வாதத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். மதுரைக்காஞ்சியில் கள் விற்கும் இடத்தில் கொடி பறக்கிறது. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டில், கிடைத்த கள்ளை அவன் தன்னோடு எப்படிப் பகிர்ந்துகொண்டான் என்பதே முதல் நினைவாக வருகிறது. கருப்பசாமிக்கு இன்றும் சாராயமும் சுருட்டும் படைக்கிறோம். எல்லாம் சரி. ஆனால் புறநானூற்றுக் கள்ளில் ஒரு பெண் புலவரும் அரசனும் சமமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைய நிலவரம் என்ன? எய்ம்ஸ் மருத்துவமனையின் மையம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மது அருந்தும் ஆண்கள் 27.3 சதவீதம், பெண்கள் 1.6 சதவீதம். ஒரு பெண்ணுக்குப் பதினேழு ஆண்கள். இதற்கு ஔவையைச் சாட்சிக்கு இழுப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை. அந்தப் பாட்டின் மையம் பகிர்தல். குவார்ட்டர் பாட்டில் தனியாக, நின்றபடி, சீக்கிரமாகக் குடித்து முடிப்பதற்கு அளந்து செய்யப்பட்டது.

‘பண்பாடு’ வாதத்துக்கு உலகத்தில் இருந்தும் ஒரு பதில் இருக்கிறது. அதை நம் இலக்கிய வாசகர்களுக்கு மிகவும் பிடித்த நாட்டிலிருந்தே எடுக்கிறேன்.

ரஷ்யா என்றாலே வோட்கா, வோட்கா என்றாலே ‘ரஷ்ய ஆன்மா’ என்று நாம் நம்பி வளர்ந்தோம். மர்மெலாதவ் சாராயக்கடையில் உட்கார்ந்து பேசும் பக்கங்களை, மதுரை பாத்திமா கல்லூரிப் பேராசிரியராக இருந்த எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் படித்துக் கலங்காதவர்கள் குறைவு. மனைவியின் காலுறையைக்கூட விற்றுக் குடித்தவன். ஆனால் தஸ்தயெவ்ஸ்கி 1865இல் திட்டமிட்டது ‘குடிகாரர்கள்’ என்றொரு நாவலை. குடியோடு சேர்ந்த எல்லாக் கிளைப் பிரச்சினைகளையும், முக்கியமாகக் குடும்பங்களையும், அந்தச் சூழலில் குழந்தைகள் வளர்வதையும் எழுதப்போகிறேன் என்று ஒரு பதிப்பாசிரியருக்கு எழுதினார். ‘குற்றமும் தண்டனையும்’ அந்தத் திட்டத்தை விழுங்கிவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1863இல், அங்கே பழைய குத்தகை முறை ஒழிந்து கலால் வரி வந்து, வோட்கா மலிவாகித் தெருவெங்கும் கடைகள் பெருகியிருந்தன. தஸ்தயெவ்ஸ்கிக்கு ஆன்மாவைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று நினைக்கிறோம். கடை எப்போது பெருகியது என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

அந்த ரஷ்யாவில் 2003க்கும் 2016க்கும் இடையே தலைக்கான மது நுகர்வு 43 சதவீதம் குறைந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிக்கை வெளியிட்டது. ஆன்மா எங்கும் போகவில்லை. வரியை ஏற்றினார்கள், வோட்காவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தார்கள், இரவில் விற்பனையைத் தடுத்தார்கள், விளம்பரத்தை நெருக்கினார்கள். நூற்றைம்பது ஆண்டு இலக்கியம் விதி என்று நம்பவைத்ததில் பாதியை, பதின்மூன்று ஆண்டு நிர்வாகம் அசைத்துவிட்டது. நம் ஊரில் அரசு சில்லறைக் கடை திறந்த அதே 2003இல்தான் இந்தக் கணக்கு தொடங்குகிறது என்பது தற்செயல்தான். ஆனாலும் உறுத்துகிறது. 2005இல் இந்தியாவில் தலைக்கு 2.4 லிட்டராக இருந்த தூய ஆல்கஹால் நுகர்வு 2016இல் 5.7 லிட்டர்.

இன்னும் ஒன்று. உலகின் பணக்கார நாடுகள் பலவற்றில் இளைஞர்கள் குடிப்பது குறைந்து வருகிறது. அமெரிக்காவில் தாங்கள் குடிப்பதாகச் சொன்னவர்கள் 2025இல் 54 சதவீதம் பேர். காலப் நிறுவனம் 1939இல் கேட்கத் தொடங்கியதிலிருந்து இதுவே மிகக் குறைவு. ஜப்பானில் 1980இல் வரி வருவாயில் 5 சதவீதமாக இருந்த மது வரி, 2020இல் 1.7 சதவீதமாக இறங்கிவிட்டது. உடனே 2022இல் அந்நாட்டு தேசிய வரி முகமை ‘சாக்கே விவா’ என்று ஒரு போட்டி அறிவித்தது. 20 முதல் 39 வயதுள்ளவர்கள் கலந்துகொள்ளலாம். தலைப்பு, இளைஞர்களை அதிகம் குடிக்கவைக்க யோசனை சொல்லுங்கள். செய்தியைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர்கள் வாய்விட்டுக் கேட்டுவிட்டார்கள். நமக்குக் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

*

என் அம்மா வழியில் ஒரு சித்தி, திருமங்கலம் பக்கம். சித்தப்பா 2018இல் போனார், நாற்பத்தேழு வயது. சித்திக்கு நல்ல நாள் பெரிய நாளெல்லாம் காலண்டர் பார்த்துத்தான் தெரியும். ஆனால் கடை மூடும் எட்டு நாளும் மனப்பாடம். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாடி நபி, காந்தி ஜெயந்தி. அன்றைக்காவது நிம்மதி என்று நான் நினைத்திருந்தேன். சித்தி ஒருமுறை சொன்னார்: “லீவுன்னா கடைக்குத்தான்டா லீவு. மொத நாளே ரெண்டு நாளைக்குச் சேத்து வாங்கிட்டு வந்துருவாரு. ரெண்டு நாள் சரக்கும் மொத நாளு ராத்திரியே தீந்துரும். காந்தி செயந்தி அன்னைக்குக் காலையிலதான் வீட்டுல இருக்கவே முடியாது.”

காந்தி ஜெயந்தியை இப்படி அறிந்த ஒரு பாத்திரத்தை நான் வாசித்தவரை எந்தத் தமிழ் நாவலிலும் சந்தித்ததில்லை. குடியைப் பற்றி எழுதப்பட்டதெல்லாம் பெரும்பாலும் குடிக்கும் பதினேழு பேரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது. அவர்களின் தனிமை, கவித்துவம், நட்பு, குற்றவுணர்வு. பாட்டிலின் மறுபக்கத்தில் நின்று அதன் நேர அட்டவணையையும் விலையையும் விடுமுறையையும் ஒரு நிபுணரைப் போல அறிந்திருக்கும் பெண்கள், கதைகளில் அழுதபடி கதவைத் திறந்துவிடுவதோடு சரி. தெருவில் அப்படி இல்லை. மதுரை நந்தினி சட்டம் படிக்கும்போதே தந்தை ஆனந்தனோடு டாஸ்மாக்குக்கு எதிராகத் தெருவுக்கு வந்தவர். மது உணவா, மருந்தா என்று நீதிமன்றத்தில் கேட்டது தொடர்பான அவமதிப்பு வழக்கில் 2019இல், தன் திருமணத்துக்குச் சில நாள் முன்பு, சிறைக்குப் போனார். அவரது தீர்வுகளோடு ஒருவர் உடன்படலாம், மறுக்கலாம். ஆனால் அவர் கேள்வி ஏன் குடிக்கிறாய் என்பதல்ல. எந்தச் சட்டத்தின்கீழ் விற்கிறாய் என்பது. நம் புனைவு இன்னும் அந்தக் கேள்விக்கு வந்து சேரவில்லை.

‘சரி, கடையை மூடினால் கள்ளச்சாராயம் வருமே’ என்பார்கள். நியாயமான கேள்விதான். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் செத்தார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேல். ஆனால் இரண்டு முறையும் அரசுக் கடைகள் திறந்துதான் இருந்தன. செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், அவர்களுக்குப் பாக்கெட் சாராயம் குவார்ட்டரைவிட மலிவு. ரஷ்ய உதாரணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இங்கே ஒட்ட முடியாது என்பதற்கும் இதுவே சான்று. விலையை ஏற்றினால் ஒருவன் குறைத்துக்கொள்வான், இன்னொருவன் கருணாபுரம் போவான். மூடு, திற என்ற இரண்டு பொத்தான் மட்டும் உள்ள கருவி அல்ல இது. விலை, தூரம், நேரம், கூலி, சிகிச்சை, வரி என்று பல திருகு உள்ளது. 1939இல் ராஜாஜிக்கு இது தெரிந்திருந்தது. மது வருவாய் போன இடத்தை நிரப்பத்தான் அவர் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இழப்புக்கு ஒரு கணக்கு எழுதினார். அவர் விடையை ஏற்க வேண்டியதில்லை. கணக்கு எழுத வேண்டும் என்பதையாவது எடுத்துக்கொள்ளலாம்.

கொள்கை எழுதுவது எழுத்தாளர் வேலை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பார்ப்பது அவர் வேலை. பார்க்க எவ்வளவோ கிடக்கிறது. 2003இல் பட்டப்படிப்பு முடித்து, தொகுப்பூதியத்துக்குக் கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்து, இருபது வருடமாக ஊரின் நடுங்கும் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் மேற்பார்வையாளர். 2020 மே மாதம் ஊரடங்குக்கு நடுவே குடையும் டோக்கனுமாக நீண்ட வரிசை, அதற்கு முந்தைய நாற்பது சொச்சம் நாள் வீடுகளுக்குள் நடந்தது. மாத்திரைக்கும் ஊசிக்கும் மாறிவிட்ட பையன்கள், ‘சரக்கு அடிக்கல, நல்ல பையன்’ என்று நம்பிக்கொண்டிருக்கும் அவர்களின் பெற்றோர். எட்டு விடுமுறைகளை மனப்பாடமாக வைத்திருக்கும் சித்திகள். இவற்றையெல்லாம் எழுத ஒரு தமிழ் முன்மாதிரி வேண்டுமென்றால், அது ஐம்பது வருடமாக நம் அலமாரியில் இருக்கிறது. நாகராஜனை அடுத்த முறை எடுக்கும்போது, கந்தன் எவ்வளவு குடித்தான் என்று பார்க்காமல், அவன் கொடுத்த காசு யார் யார் கைக்குப் போயிற்று என்று ஒரு பென்சிலோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.